‘தனியாவா வந்தே?’ - புதுக்கோட்டை கிராமச் சாலைகளில் ஒரு நாள், ஒரு சைக்கிள், 100 கிலோமீட்டர்!

திருச்சியில் இருந்து திருமயம் வரை ஒரு பொண்ணு சைக்கிளில் தனியாகப் போனால், வழியில் எத்தனை பேர் ‘தனியாவா?’ என்று கேட்பார்கள்? நான் எண்ணிக்கொண்டே போனேன். 17 பேர். அதில் ஆண்கள் 11 பேர், பெண்கள் 6 பேர். ஆண்கள் அதைக் கேட்டுவிட்டு அடுத்து சைக்கிளின் விலையைக் கேட்டார்கள். பெண்கள் அடுத்து, ‘வீட்ல விட்டாங்களா?’ என்று கேட்டார்கள்.

போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பர்களோடு சைக்கிளில் போனதை இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார். “பத்துப் பேரோடு போவதெல்லாம் சரி. ஒரு பெண் தனியாக, அதுவும் கிராமத்து ரோட்டில் போக முடியுமா? போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்” என்று. கேள்வி நியாயமானது. டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. சொந்த ஊர் திருச்சி. அத்தை வீடு திருமயம். நடுவில் இருப்பது புதுக்கோட்டை மாவட்டம். சைக்கிள் ஓட்டும் பெண்களைப் பற்றிப் பேச தமிழ்நாட்டில் அதைவிடப் பொருத்தமான மண் இருக்கிறதா என்ன?

ஏன் என்று தெரியாத 2கே கிட்ஸுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாலை நேர வகுப்பு. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வகுப்பு எடுக்கும் பெண்களும், வகுப்புக்கு வரும் பெண்களும் ஊர்விட்டு ஊர் போக பஸ்ஸையோ, வீட்டு ஆண்களையோ நம்பியிருக்க வேண்டியிருந்தது. அதனால் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் ஜல்லி உடைக்கிறவர்கள், ஊர் நர்ஸ், பால்வாடி டீச்சர் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் ஊர்வலம் போனதை பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அறிவொளி இயக்கம் நடத்திய சைக்கிள் நிகழ்ச்சியில் 70,000-க்கும் அதிகமான பெண்கள் ஓட்டிக் காட்டியதாகவும் அவர் எழுத்தில் வருகிறது.

அந்தப் பெண்களுக்கு இப்போது 50, 60 வயது இருக்கும். அவர்களில் ஒருவரையாவது ரோட்டில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதிகாலை 5.15-க்குக் கிளம்பினேன். பிப்ரவரி என்பதால் லேசான பனி. அம்மா வாசல் வரை வந்து, “லைவ் லொக்கேஷன் ஆன் பண்ணிட்டியா?” என்று மூன்று தடவை கேட்டார். அப்பா டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

விமான நிலையம் தாண்டி மாத்தூர் வரை லாரிகள் அதிகம். தேசிய நெடுஞ்சாலையில் விடியும் முன் ஓட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. பின்னால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தாலும், ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று ஒரு தள்ளு தள்ளும். அந்த நேரத்தில் கையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தளர்வாக வைத்து நேராகப் போக வேண்டும். இறுக்கினால்தான் சைக்கிள் ஆடும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரப்பகுதி அகலமாக இருந்ததால் பிழைத்தேன்.

கீரனூரில் 4 இட்லி, ஒரு வடை, ஒரு டீ. அங்குதான் முதல் ‘தனியாவா?’. கேட்டவர் டீ மாஸ்டர். “ஆமாண்ணே” என்றதும், கிளாஸை இரண்டாவது தடவை கழுவி டீ ஊற்றிக் கொடுத்தார். அது மரியாதையா பரிதாபமா என்று இன்னும் புரியவில்லை.

கீரனூரைத் தாண்டி கொஞ்ச தூரத்தில், நார்த்தாமலைக்கு வலது பக்கம் திரும்பும் இடத்தில்தான் என் பயணம் உண்மையில் ஆரம்பித்தது. நெடுஞ்சாலைச் சத்தம் பின்னால் போய், நம்முடைய செயின் ஓடும் சத்தம் நமக்கே கேட்க ஆரம்பிக்கும் தருணம் ஒன்று இருக்கிறது. சைக்கிளில் ஊர் சுற்றுபவர்கள் அதற்காகத்தான் அலைகிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் செம்மண். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை. தூரத்தில் யானைகள் படுத்திருப்பதுபோல் மொட்டைப் பாறைக் குன்றுகள். அதில் ஒன்றான மேலமலையின் பாறைச் சரிவில்தான் விஜயாலய சோழீச்சரம் நிற்கிறது. வட்டமான கருவறை கொண்ட பழைய கோயில். நான் ஏறவில்லை. தனியாகப் போவதில் இருக்கும் பெரிய கஷ்டம் பயமோ போரடிப்போ கிடையாது. சைக்கிளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததுதான். டீ குடிக்கும்போது ஒரு கண் சைக்கிளில் இருக்கும். பாத்ரூம் போகும்போது இரண்டு கண்ணும் அங்கேதான் இருக்கும்.

பாத்ரூம் என்றதும் ஞாபகம் வருகிறது. பயணக் கட்டுரை எழுதும் ஆண்கள் யாரும் இதை எழுதுவதில்லை, அவர்களுக்கு ரோட்டோரம் போதும். எங்களுக்கு 100 கிலோமீட்டரில் பாதி மூளை இதற்கே செலவாகும். பெட்ரோல் பங்க்குகளில் கழிவறையும் குடிநீரும் டயருக்குக் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நெடுஞ்சாலையில் அது ஓரளவு உதவும். அன்று நான் நிறுத்திய பங்க் ஒன்றில் பெண்கள் கழிவறைக்குப் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஊருக்கு. கிராமச் சாலைக்குள் வந்துவிட்டால் பங்க்கும் கிடையாது. நிறைய பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், தண்ணீரே குடிக்காமல் இருப்பது. வெயிலில் சைக்கிள் மிதிக்கும் உடம்புக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. தலைவலியில் ஆரம்பித்து தசைப்பிடிப்பு, மயக்கம் என்று போகும். நான் செய்வது வேறு. வாசலில் பெண்கள் இருக்கும் வீடாகப் பார்த்து நிறுத்தி, “அக்கா, பாத்ரூம் போகணும்” என்று நேராகக் கேட்டுவிடுவேன். இதுவரை ஒரு வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை. அன்று நார்த்தாமலைப் பக்கம் ஒரு அக்கா, நான் வெளியே வருவதற்குள் ஒரு சொம்பு மோர் எடுத்து வைத்திருந்தார்.

அதனால் தைரியமாகத் தண்ணீர் குடிக்கலாம். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மடக்கு. இரண்டு பாட்டிலில் ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஓ.ஆர்.எஸ் கலந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

நார்த்தாமலையில் இருந்து அன்னவாசல் பக்கம் போகும் கிராமச் சாலையில் எதிரே ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வந்தது. புதுக்கோட்டையில் தை பிறந்தால் வாடிவாசல் சீசன். காலையில் காளைகளை நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போவார்கள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தது, ஒன்பதாவது படிக்கும் வயதில் ஒரு பெண் பிள்ளை. “அக்கா, பெல் அடிக்காதீங்க, இறங்கி நில்லுங்க, ஒண்ணும் பண்ணாது” என்றாள். நான் இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். காளை என் மஞ்சள் ஹெல்மெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. ‘தனியாவா?’ என்று கேட்காமல் போன முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

சித்தன்னவாசலில் டிக்கெட் கவுன்டர் இருப்பதால் சைக்கிளுக்குக் காவல் கிடைத்தது. மலையின் மேற்குப் பக்கம் அறிவர் கோயில். விதானத்தில் தாமரைக் குளம், அதில் மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய ஓவியம். மங்கிக்கொண்டே வருகிறது, குழந்தைகளை முடிந்த சீக்கிரம் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். மலை மேலே ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள், ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்து. அந்தத் துறவிகளும் தனியாக நடந்து வந்தவர்கள்தான். அவர்களை வழியில் எத்தனை பேர் கேட்டார்களோ.

இனி, அந்த மெயில் அனுப்பிய வாசகி காத்திருக்கும் பகுதி. அன்னவாசல் தாண்டி, இரண்டு பக்கமும் தைலமரக் காடு. வெயில் ஏறிய 11 மணிக்கு ரோட்டில் ஆள் இல்லை. பின்னால் வந்த ஒரு பைக் முந்தாமல் பக்கத்திலேயே வந்தது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். “எங்க போறீங்க மேடம், நாங்களும் வரலாமா?” என்று ஆரம்பித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. வேகத்தில் பைக்கை ஜெயிக்க முடியாது, மூச்சுதான் வாங்கும். 112-ஐ ஸ்பீடு டயலில் வைத்திருந்தேன். பெண்களுக்கான 181-ம் இருக்கிறது. ஆனால், அந்த இடத்தில் என் கண் தேடியது மனிதர்களை. ஒரு கிலோமீட்டரில் ஒரு பெட்டிக்கடை தெரிந்தது. நிறுத்தி உள்ளே போய், கடைக்கார அக்காவிடம், “இவங்க ரொம்ப நேரமா கூடவே வர்றாங்கக்கா” என்றேன். அவர் வெளியே வந்து, வண்டி நம்பரை உரக்க வாசித்துவிட்டு, “யாரு வீட்டுப் புள்ளைகடா நீங்க?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. வண்டி திரும்பிப் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். பெரிதாகவும் ஆக்க வேண்டாம், இல்லை என்று மறைக்கவும் வேண்டாம். அந்தக் கடை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த ஐந்து கிலோமீட்டருக்கு யோசித்துக்கொண்டுதான் மிதித்தேன். ஆனால், இதே மாதிரி ஒன்று எனக்குச் சென்னையில், என் ஆபீஸில் இருந்து இரண்டு தெரு தள்ளியும் நடந்திருக்கிறது. அங்கே கேட்க ஒரு அக்கா வெளியே வரவில்லை.

குடுமியான்மலைக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது பின் டயர் இறங்கியது. சீமைக் கருவேல முள். இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டினால் இதுதான் சுங்கவரி. பம்பு, ஸ்பேர் ட்யூப், உப்புத்தாள், சொல்யூஷன் எல்லாம் கைவசம் இருந்தது. புதிய ட்யூபை மாட்டி ஓட்டிவிடலாம். ஆனால், அடுத்த முள் எங்கே இருக்கிறதோ, பழைய ட்யூபையும் ஒட்டி வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முதலில் தெரிந்த வீட்டு வாசலுக்குப் போனேன்.

திண்ணையில் ஒரு பெரியம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள். “பெரியம்மா, ஒரு பேசின்ல தண்ணி தர்றீங்களா, பஞ்சர் பார்க்கணும்” என்றேன். பெரியம்மா என்னையும் பார்க்கவில்லை, நான் போட்டிருந்த ஹெல்மெட்டையும் பார்க்கவில்லை. நேராக டயரைப் பார்த்தார்.

“முள்ளு டயர்லயே குத்திக்கிட்டு நிக்கும் ஆத்தா. உள்பக்கமா விரல விட்டுத் தடவிப் பாரு. மெதுவா, கையில ஏறிரும்.”

எனக்குப் புரிந்துவிட்டது. “அறிவொளியில கத்துக்கிட்டீங்களா பெரியம்மா?”

புளியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “ஒனக்கு யாரு சொன்னா?”

அடுத்த மூன்று மணி நேரம் நான் அந்தத் திண்ணையில்தான் இருந்தேன். வெயில் தாழும்வரை எப்படியும் எங்காவது உட்கார வேண்டும். பழைய சோறு, சின்ன வெங்காயம், நேற்றைய கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

1992-ல் அவருக்கு 22 வயது. கையில் இரண்டு வயது மகன். குவாரியில் ஜல்லி உடைக்கும் வேலை. வீட்டில் இருந்து குவாரிக்கு நடந்தே போய், நடந்தே வந்து, பிறகு தண்ணீர்க் குடத்தோடு நடை. ராத்திரி அறிவொளி வகுப்பு முடிந்ததும் கோயில் பொட்டலில் நிலா வெளிச்சத்தில் சைக்கிள் பழகியிருக்கிறார்கள். மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள். “ஒரு ஆளு சீட்டப் புடிக்கும், ஒரு ஆளு ஹேண்டில்பாரப் புடிக்கும், நாலு ஆளு சிரிக்கும்” என்றார். மரத்தடியில் உட்கார்ந்து கிண்டல் செய்த ஆண்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார், 30 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு பெயர்கூட மறக்கவில்லை. முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டினார். “இது மூணாவது நாளு விழுந்தது.”

“சைக்கிள் கத்துக்கிட்டு என்ன மாறுச்சு பெரியம்மா?”

பெரிய பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். ரிப்போர்ட்டர் புத்தி. அவர் கணக்கு சொன்னார். குவாரிக்கு நடந்தால் ஒரு மணி நேரம், சைக்கிளில் 20 நிமிஷம். மூன்று நடையாகச் சுமந்த தண்ணீர் ஒரே நடையில் வரும். அன்னவாசல் சந்தைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், கீரையை விற்றுவிட்டு வெயிலுக்கு முன் வீடு. புருஷன் எப்போது வருவார், எப்போது கூட்டிப்போவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். “யாருக்காண்டியும் காத்துக்கிட்டுக் கெடக்க வேணாம்ல?”

அவர் ஓட்டியது ஜென்ட்ஸ் சைக்கிள். அந்தச் சமயத்தில் லேடீஸ் சைக்கிளுக்கு மாவட்டத்தில் தட்டுப்பாடு வந்தது என்பதையும், பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள் என்பதையும் படித்திருக்கிறேன். காரணத்தைப் பெரியம்மா என் சைக்கிளைக் காட்டியே விளக்கினார். “இந்தா பாரு, ஒன் வண்டியில பாரு சாஞ்சு கெடக்கு. புள்ளய எங்க உக்கார வைப்பே? எனக்கு நேர் பாரு. அதுல ஒரு துண்டச் சுத்தி அவன உக்கார வச்சுட்டா, பெல்ல அடிச்சுக்கிட்டே வருவான்.”

அந்த சைக்கிள் எங்கே என்றேன். மாட்டுக்கொட்டகையைக் காட்டினார். சுவரில் சாய்ந்து நின்றது. டயர் இரண்டும் இல்லை, சீட்டின் மேல் கோழி. மகன் வளர்ந்து திருப்பூரில் வேலைக்குப் போய், பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு மொபெட் வாங்கிக் கொடுத்தானாம். முட்டிவலி வந்து அதையும் அவர் விட்டுவிட்டார்.

மருமகள் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ட்யூபை ஒட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், பெரியம்மா உள்ளே போன நேரம் மெதுவாகக் கேட்டார். “உங்க வீட்ல விட்டாங்களாக்கா?” என்னைவிட நான்கைந்து வயது பெரியவர்தான், ஆனாலும் அக்கா.

அவருக்கும் சைக்கிள் தெரியும். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. இவர் தினமும் போக வர 14 கிலோமீட்டர் ஓட்டியவர். பிளஸ் டூ முடிந்ததும் சைக்கிள் தம்பிக்குப் போனது, இவர் கல்யாணமாகி இங்கே வந்தார். இப்போது ஒரு தையல் யூனிட்டில் வேலை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்தில் இருந்து டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி என்றார். ஆனால், இந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். காலை பஸ்ஸை விட்டால் அன்று சம்பளம் போச்சு. அன்று வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் இருந்ததற்குக் காரணமும் அதுதான், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு ஓடிப்போவதற்குள் பஸ் போய்விட்டது. யூனிட் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். 6 கிலோமீட்டர்.

“சைக்கிள்ல போகலாமே” என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் வரவில்லை. உள்ளே இருந்து வந்த பெரியம்மாவே ஆரம்பித்தார்.

“நானும் சொல்லிட்டேன். அவன்தான், பொம்பள சைக்கிள்ல போனா ஊர்ல என்ன நினைப்பாக, எனக்குக் கேவலம்ங்கிறான். நான் போனப்ப கேவலமா இல்லையாம். இவன்தான் பார்ல உக்காந்து பெல்லு அடிச்சான்.”

மருமகள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியம்மா சிரிக்கவில்லை. மறுபடியும் புளியை இழுத்து வைத்துக்கொண்டு, கொட்டையை முன்பைவிட வேகமாகத் தட்டினார்.

நான் கிளம்பும்போது மருமகள் என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியம்மா ஒரு உருண்டை புளியைப் பேப்பரில் சுற்றி என் பையில் திணித்தார். “அம்மாட்ட குடு. புதுப் புளி.”

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு இருக்கும் கோயிலை வெளியே இருந்துதான் பார்த்தேன். மதியம் நடை சாத்தியிருந்தார்கள். ராகம் பாட வேண்டிய முறையைப் பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சர்யம். அதற்காகவே இன்னொரு நாள் வர வேண்டும்.

புதுக்கோட்டை போகும் சாலையில் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டது. அதுவரை காலியாக இருந்த ரோடு, ஒரே நிமிடத்தில் சைக்கிள்களால் நிறைந்தது. எல்லாம் அரசு சைக்கிள், முன்னால் கூடை, கூடையில் டிபன் பாக்ஸ் குலுங்கும் சத்தம். நான்கு பேர் வரிசையாக ரோட்டை அடைத்துக்கொண்டு போன மாணவிகள் கூட்டத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். சரமாரியாகக் கேள்வி. “எத்தனை கியருக்கா?” “மட்கார்டு ஏன் இல்ல, மழை பெஞ்சா முதுகெல்லாம் சேறு அடிக்காதா?” “ஸ்டாண்டும் இல்லையா? இவ்ளோ காசு வாங்கிட்டு ஸ்டாண்டு தர மாட்டாங்களா?” மூன்றாவது கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. இந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட ‘தனியாவா?’ என்று கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், “ரேஸ் வர்றீங்களா?” என்றாள். 21 கியர் வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டேன் என்று சொன்னால் பெருமை இல்லை, அதனால் சொல்லவில்லை.

மூச்சு வாங்கி நின்ற இடத்தில் நானும் ஒரு கேள்வி கேட்டேன். “பிளஸ் டூ முடிஞ்சதும் இந்த சைக்கிள் என்ன ஆகும்?” இருந்த ஏழு பேரில் நால்வர் ‘தம்பிக்கு’ என்றார்கள். ஒருத்தி, ‘அப்பா வயலுக்கு எடுத்துட்டுப் போவாரு.’ ஒருத்தி, ‘வித்துருவாங்க.’ ரேஸுக்குக் கூப்பிட்டவள் மட்டும், “இது என்னோடதுக்கா” என்றாள். மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுக்கோட்டை நகரத்தை வேகமாகக் கடந்தேன். 1886-ல் இந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் தனி ஒரு பெண்ணாகப் படித்தவர். இந்த ஊர்ப் பெண்கள் ‘தனியாவா?’ என்ற கேள்வியை நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறார்கள். மீண்டும் நெடுஞ்சாலை, மஞ்சள் மைல்கல். கால் இரண்டும் கனத்துவிட்டன. கடைசி 20 கிலோமீட்டரில் பாட்டு, பாட்காஸ்ட் எதுவும் உதவாது. அடுத்த மைல்கல், அதற்கு அடுத்த மைல்கல் என்று எண்ணுவதுதான் வழி. வேர்க்கடலை மிட்டாய் ஒன்றை ஐந்து துண்டாக உடைத்து, இரண்டு கல்லுக்கு ஒரு துண்டு என்று எனக்கு நானே கூலி கொடுத்துக்கொண்டேன். சூரியன் இறங்கும் நேரத்தில் திருமயம் கோட்டை பாறை மேல் தெரிந்தது. வீட்டு வாசலில் அத்தை நின்றார். “ஏம்மா தனியா...” என்று ஆரம்பித்தார். அதுதான் 17.

வாசகிக்கு என் பதில், முடியும். ஆனால், சில விஷயங்களை வைத்துக்கொண்டு முடியும். வெளிச்சம் இருக்கும்போது மட்டும் கிராமச் சாலை. 12 முதல் 3 வரை நிழல். பஞ்சரைத் தானே சரிசெய்யத் தெரிந்திருப்பது. பத்து, இருபது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் காசு, ஏனென்றால் சில ஊரில் சிக்னல் இருக்காது, ஜிபே ஓடாது. முதல் தடவையே 100 போக வேண்டாம், உங்கள் ஊரைச் சுற்றி 30-ல் ஆரம்பியுங்கள். எந்த வீட்டில் மோர் கிடைக்கும், எந்த வளைவில் நாய் துரத்தும் என்று தெரிந்துகொள்ளவே அது தேவை. விலை உயர்ந்த கியர் சைக்கிள் கட்டாயம் இல்லை. ஸ்டாண்டு உள்ள சைக்கிளாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்று இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது. பெரியம்மாவின் மருமகள். ‘அக்கா ஊர் போய் சேந்துட்டீங்களா. அத்தையோட பழைய சைக்கிளுக்கு டயர் டியூப் பிரேக் செயின் எல்லாம் மாத்த எவ்ளோ ஆகும்னு கேட்டு சொல்றீங்களா.’

மறுநாள் காலையில் திருமயத்தில் ஒரு சைக்கிள் கடை திறக்கும் வரை காத்திருந்து விசாரித்தேன். கடைக்காரர் ஒவ்வொரு பொருளுக்கும் விலையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கீழே, ‘கேரியரும் மாத்தணும்னா தனி’ என்று சேர்த்தார். “பழைய ஜென்ட்ஸ் சைக்கிள் ஃபிரேம் நல்லா இருந்தா விட்றாதீங்க, இப்ப வர்றதெல்லாம் அந்தக் கனம் இல்ல” என்றார். அதையும் சேர்த்து டைப் செய்து, சீட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ப்ளூ டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.